சாலையோர ஆர்க்கிட் எதற்குச் சாட்சி?

மலேசியாவின் தாப்பா நகரிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், மலையை வெட்டிய இடங்களில் செம்மண் சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. அந்தச் சுவர்களில் நாணல்போல் ஆளுயரத்துக்கு ஒரு செடி வளர்கிறது. இலைகள் புல்லை ஒத்திருக்கும். தண்டின் நுனியில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு பூ, உதடு மட்டும் அடர்ந்த ஊதா. பூக்கடையில் பெரிய விலை சொல்லும் கேட்லியா ஆர்க்கிட்டுக்குத் தங்கை என்றால் நம்பலாம். இது மூங்கில் ஆர்க்கிட். தாவரவியலார் வைத்த பெயர் அருண்டினா கிராமினிஃபோலியா. பழைய மலாயாவில் இதற்குத் ‘தாப்பா களை’ என்றும் ஒரு பெயர் இருந்தது.

ஆர்க்கிட்டையும் களையையும் ஒரே செடியாகப் பார்க்க நமக்குப் பழக்கமில்லை. ஆர்க்கிட் என்றால் மனிதக் காலடி படாத காடு, பாசி படர்ந்த கிளை, தொட்டால் வாடும் மென்மை என்றே படித்திருக்கிறோம். அதனால் புல்டோசர் புரட்டிப்போட்ட மண்ணில் அது செழிப்பதைக் காணும்போது, ஆளுக்கு ஒரு முடிவுக்குப் போகிறார்கள். “பாருங்கள், சாலை போட்டதால் காடு கெடவில்லை, ஆர்க்கிட்டே வந்துவிட்டது” என்பார் ஒருவர். “ஆர்க்கிட் இருக்கிறது, ஆகவே இது கன்னிக்காடு, கை வைக்கக் கூடாது” என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே பூவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தப் பூவோ இரண்டையும் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்று புரிய, விதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆர்க்கிட்டின் விதை கண்ணுக்குத் தூசியாகத்தான் தெரியும். ஒரு கிராம் எடைக்குப் பல லட்சம் விதைகள் நிற்கும். மெல்லிய தோலுக்குள் பெரும்பகுதி காற்று, நடுவில் சில செல்களாலான கரு, அவ்வளவுதான். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும், சில இனங்களில் பத்து லட்சத்தையும் தாண்டும். ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி 1862இல் புத்தகம் எழுதிய சார்லஸ் டார்வின், இங்கிலாந்தின் புள்ளி ஆர்க்கிட் ஒன்றின் விதைகளைக் கணக்கிட்டுப் பார்த்தார். ஒரே செடிக்கு 1,86,000க்கு மேல் வந்தது. அத்தனையும் பிழைத்தால், கொள்ளுப்பேரன் தலைமுறையில் பூமியின் நிலப்பரப்பையே ஏறக்குறைய மூடிவிடும் என்று கண்டார். அப்படி மூடாமல் தடுப்பது எது என்பது அவருக்குப் புரியவில்லை. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

விடை 1899இல் பிரான்சில் கிடைத்தது. நோயல் பெர்னார் என்ற இளம் தாவரவியலாளர், பறவைக்கூடு ஆர்க்கிட்டின் காய்த்தண்டு ஒன்று காட்டு மண்ணில் புதைந்து கிடப்பதையும், அதற்குள்ளேயே விதைகள் முளைத்திருப்பதையும் கண்டார். முளைகளை வெட்டிப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் பூஞ்சை இழைகள் இருந்தன. நெல்மணிக்குள்ளும் மொச்சைக்கொட்டைக்குள்ளும் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு இருக்கிறது. ஆர்க்கிட் விதை வெறுங்கையோடு கிளம்புகிறது. விழுந்த இடத்தில் ஏற்ற பூஞ்சை அதற்குள் நுழைந்து சர்க்கரையும் சத்தும் ஊட்டினால்தான் அது செடியாகும். இல்லாவிட்டால் தூசியாக வந்தது தூசியாகவே போகும். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்ஸன் பூஞ்சையை விலக்கிவிட்டு, சர்க்கரை கலந்த கூழில் விதைகளை முளைக்க வைத்துக் காட்டினார். சில ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் என்ற தாவரவியலாளர் அந்த முறையைக் கையில் எடுத்தார். இன்று பூக்கடைக்கு வரும் கலப்பின ஆர்க்கிட் எல்லாம் அந்தக் கண்ணாடிக் குடுவை வழியாக வந்த வம்சம்தான்.

ஆக, ஆர்க்கிட் எங்கே முளைக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை. பழுதுபடாத காட்டில் மட்டுமே வாழும் பூஞ்சையை நம்பியிருக்கும் ஆர்க்கிட்கள் உண்டு. அவற்றால் காட்டைவிட்டு ஓர் அடி நகர முடியாது. ஆனால் டுலாஸ்னெல்லா வகைப் பூஞ்சைகள் பல, மக்கிய இலையிலும் செத்த வேரிலும் பிழைப்பவை. பரவலாகக் கிடைப்பவை. மூங்கில் ஆர்க்கிட்டின் வேரில் குடியிருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். துணை எங்கும் கிடைக்கும் என்றால் செடியும் எங்கும் துணிந்து இறங்கலாம்.

துணை மட்டும் போதாது, இடமும் வேண்டும். ஈரமும் சத்தும் நிறைந்த நல்ல மண்ணில் புல்லும் புதரும் வேகமாக வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மெதுவாக வளரும் ஆர்க்கிட் முளைக்கு அங்கே வெளிச்சம் கிடைக்காது. புதிதாக வெட்டிய மலைச்சுவரின் நிலை வேறு. மேல்மண் போய்விட்டது. எஞ்சியிருப்பது அடிமண், நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைந்த அமில மண். பசியெடுத்த புல் அங்கே தயங்கி நிற்கும். மலையின் உள்ளிருந்து கசியும் நீரும் மூடுபனியும் சுவரை ஈரமாக வைத்திருக்க, முதலில் பாசி படர்கிறது. காற்றில் வரும் விதை அந்தப் பாசியில் ஒட்டிக்கொள்கிறது. தலைக்கு மேல் மரம் இல்லாததால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நமக்குப் பாழாகத் தெரியும் அந்த இடம், போட்டியாளர் இல்லாததாலேயே இந்தச் செடிக்கு ஏற்றதாகிறது.

இந்த வசதி நெடுநாள் நீடிப்பதில்லை என்பதும் முக்கியம். மலாய்க்காரர்கள் ரேசம் என்று சொல்லும் பெரணி சில ஆண்டுகளில் சுவரை மூடத் தொடங்கும். தின்றால் நாக்கைக் கருநீலமாக்கும் பழங்களோடு மெலாஸ்டோமாப் புதர் வரும். பிறகு மரக்கன்றுகள். நிழல் விழுந்ததும் மூங்கில் ஆர்க்கிட் மெலிந்து மறையும். அதற்குள் அது காய்த்து, விதைகளைக் காற்றில் அனுப்பி, அடுத்த வெட்டுச்சுவரைப் பிடித்திருக்கும். ஓர் இடத்தில் நிலைத்து வாழ்வதில் அதற்கு அக்கறையே இல்லை. முதிர்ந்த தண்டின் கணுக்களிலிருந்தே குட்டிச்செடிகள் முளைப்பதும் உண்டு. தண்டு சாய்ந்து மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் பிடிக்கும்.

சாலைகள் வருவதற்கு முன் இந்தச் செடி எங்கே இருந்தது? இந்த இடத்தில்தான் நம் பார்வையைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். வெப்பமண்டல மலை அமைதியாக நிற்கும் பொருள் அல்ல. செங்குத்தான சரிவு, ஆழமாகச் சிதைந்த கருங்கல் மண், ஆண்டு முழுவதும் மழை. மூன்றும் சேர்ந்த இடத்தில் நிலம் சரிந்துகொண்டேதான் இருக்கும். ஆறு கரையை அரிக்கும், பாறை உரியும், மின்னல் விழுந்து மலைமுகடு எரியும். மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் காயங்களைத் தேடிப் பிழைக்கக் கற்றுக்கொண்ட செடிகள் இருந்தன. 1930களின் தொடக்கத்தில் தாப்பா சாலை மலைமேல் ஏறியபோது, அது தாவரங்களின் கணக்கில் ஒரு நீளமான நிலச்சரிவு. சாலைப் பொறியாளருக்கு ஆர்க்கிட்மீது தனி அன்பு இருந்ததாகத் தெரியவில்லை. மலாயாவின் சாலைகளில் மண்வெட்டி பிடித்த தமிழ்க் கூலிகளுக்கு அண்ணாந்து பூப்பார்க்க நேரமும் இருந்திருக்காது. ஆனாலும் அவர்கள் வெட்டிய சுவர், மலை தானாக வெட்டிக்கொள்ளும் சுவரைப் போலவே இருந்தது.

இதற்கு ஓர் உச்சமான சான்று, மலைநாட்டில் அல்ல, கடல் நடுவே இருக்கிறது. 1883 ஆகஸ்டில் சுந்தா நீரிணையில் கிரகத்தோவா எரிமலை வெடித்து, தீவில் எஞ்சிய நிலத்தைச் சாம்பலால் மூடியது. மூன்றாண்டு கழித்து அங்கே போன தாவரவியலாளர் டிரூப் கண்டவற்றில் பெரும்பங்கு பெரணிகள். பெரணியின் வித்துகளும் தூசியாகக் காற்றில் வருபவைதான். 1897ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆர்க்கிட்கள் சேர்ந்துவிட்டன. நம் மூங்கில் ஆர்க்கிட்டின் வகையும், ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்ற இன்னொரு தரை ஆர்க்கிட்டும் அவற்றில் இருந்தன. காடு உருவாகும் முன்பே, கடலைத் தாண்டி, சாம்பல் மண்ணில் வந்திறங்கியவை அவை.

இவ்வளவு படித்தபின், முதலாமவர் சொன்னதுதான் சரி, ஆர்க்கிட் எல்லாம் கெட்டிக்காரச் செடிகள், மலையை வெட்டினால் தானே வந்துவிடும் என்று தோன்றக்கூடும். எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். உலகில் ஏறக்குறைய 28,000 ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மரத்தில் தொற்றி வாழ்பவை. போர்னியோவின் கினபாலு மலை ஒன்றில் மட்டும் 700க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. ஆனால் ஒரு மலைச்சாலையின் வெட்டுச்சுவரில் நாம் பார்ப்பது திரும்பத் திரும்ப அதே சில இனங்களைத்தான். மற்றவை முதிர்ந்த பட்டையும், கிளையில் பல்லாண்டு சேர்ந்த மக்கும், நிழலும் இல்லாமல் வாழாதவை. மரம் விழும்போது அவை மரத்தோடு விழுகின்றன. தரைக்கு இறங்கிப் பிழைத்துக்கொள்வதில்லை. ஒரு மூங்கில் ஆர்க்கிட் வந்தது கண்ணுக்குத் தெரிகிறது. நூறு கிளைகளோடு போனவை எவை என்பது யாருக்கும் தெரிவதில்லை. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் “ஆர்க்கிட் இனங்கள்: இத்தனை” என்று ஒரே எண்ணில் முடிப்பதால் வரும் குழப்பம் இது. எத்தனை என்று கேட்பதில் பயனில்லை. எவை என்று கேட்க வேண்டும்.

மிக உயரத்தில், மரத்தில் வாழ்பவை தரைக்கு இறங்காது என்ற இந்தக் கோடு சற்றுக் கலங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமரன் மலையில் பிரிஞ்சாங் சிகரம் ஏறக்குறைய 2,000 மீட்டர். அங்கே மூடுபனி நாள்தோறும் காட்டை நனைக்கிறது. பாசி மூடிய கிளைக்கும் பாசி மூடிய மண்சுவருக்கும் ஈரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் மரத்தில் தொற்றி வாழும் ஆர்க்கிட்கள் சில, சாலையோர மேட்டிலும் வேர் பிடிப்பதுண்டு. ஆனால் அவற்றுக்கு விதை தருவதும் பனியைப் பிடித்து நிறுத்துவதும் பின்னால் நிற்கும் காடு. காட்டை எடுத்துவிட்டு மேட்டை மட்டும் விட்டுவைத்தால் அவை நிற்காது. மூங்கில் ஆர்க்கிட்டும் ஓரளவு காட்டை நம்பித்தான் இருக்கிறது. அதன் பூவுக்கு வரும் பெரிய தேனீக்களில் மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டுகளும் அடக்கம். கருவண்டுக்குக் காய்ந்த மரம் வேண்டும்.

கலைந்த நிலம் என்று நாம் ஒரே சொல்லில் அடைப்பதிலும் பல வகை உண்டு. கேமரன் மலையின் பள்ளத்தாக்குகளில் காய்கறித் தோட்டங்கள் சரிவுகளை விழுங்கிக்கொண்டு வருகின்றன. மண் அங்கேயும் புரட்டப்படுகிறது. ஆனால் சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைக்கிறார்கள், கோழி எருவும் உரமும் கொட்டுகிறார்கள், நெகிழிக்கூரை போடுகிறார்கள், பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறார்கள். ஏழை மண், கொஞ்சம் பூஞ்சை, சில ஆண்டு அமைதி என்று ஆர்க்கிட் கேட்கும் ஒவ்வொன்றும் அங்கே மறுக்கப்படுகிறது. சாலைச்சுவரிலும் இப்போது சிமெண்ட் கலவையைப் பீய்ச்சிப் பூசிவிடுகிறார்கள். வண்டிகள்மேல் மண் சரியாமலிருக்க அது வேண்டியிருக்கலாம், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பூசிய சுவரில் எதுவும் முளைக்காது. ஒருமுறை வெட்டிவிட்டு விலகிப்போவதும், வெட்டிய இடத்திலேயே ஓயாமல் வேலை செய்வதும் செடிக்கு ஒன்றல்ல.

பசிபிக்கின் மறுகரையிலும் இதே கதை வேறு முகங்களோடு நடக்கிறது. மெக்சிகோவிலிருந்து கொலம்பியா வரை மலைச்சாலைகளின் ஓரத்தில் எபிடெண்ட்ரம் ரேடிகன்ஸ் என்ற ஆரஞ்சு நிற ஆர்க்கிட் புதராக மண்டிக்கிடக்கும். அதோடு சேர்ந்து பூப்பவை இரண்டு. ஒன்று, ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும், எருக்குக்கு உறவான ஒரு செடி. மற்றது நம் ஊர்க் காடுகளையெல்லாம் பிடித்துவைத்திருக்கும் உண்ணிச்செடி. அதற்குச் சொந்த ஊர் அமெரிக்க வெப்பமண்டலம்தான். ஆர்க்கிட் பூவில் தேன் இல்லை. தேனுள்ள இரண்டு பூக்களின் நிறத்தைப் பூசிக்கொண்டு அது பட்டாம்பூச்சிகளை ஏமாற்றுகிறது என்று ஓர் அழகான விளக்கம் வெகுநாள் வழங்கியது. 1981இல் வெளிவந்த கோஸ்டா ரிக்கா ஆய்வு ஒன்று, கூட்டாளிகள் பக்கத்தில் இருப்பதால் ஆர்க்கிட்டுக்குக் கூடுதல் லாபம் ஏதும் இல்லை என்று கண்டது. மூன்றும் சேர்ந்து நிற்பதற்கு, மூன்றுக்கும் வெட்டிய மண் பிடிக்கும் என்பதே போதிய காரணமாக இருக்கலாம். அழகான கதைகளை இயற்கை எப்போதும் காப்பாற்றிக் கொடுப்பதில்லை.

நம் மலைகளுக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழையை ஒட்டிக் கொடைக்கானல் பக்கம் போனால், சாலையோரப் புல்மேட்டில் இளஞ்சிவப்புக் கதிராகப் பூத்து நிற்கும் சத்திரியம் நேபாளன்ஸைப் பார்க்கலாம். இதுவும் தரை ஆர்க்கிட், இதுவும் சாலையோரம். மூங்கில் ஆர்க்கிட்டின் கணக்கை அப்படியே இதற்குப் போட்டால் தவறாகிவிடும். இது வெறும் மண்ணைத் தேடி வரும் செடி அல்ல, பழைய புல்வெளியின் குடி. மண்ணுக்கடியில் கிழங்கை வைத்துக்கொண்டு, வறட்சியிலும் தீயிலும் மேலே உள்ளதை இழந்து, மழையில் மறுபடி எழுவது அதன் வழக்கம். பழனி மலையின் சோலைகளுக்கிடையே விரிந்திருந்த புல்வெளிகள் சீகை, தைலம், பைன் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய், நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018இல் இதைக் காட்டியது. சாலையோரத்தில் மரம் வளரவிடாமல் வெட்டிவிடுவதால், அங்கே மட்டும் ஒரு கீற்றுப் புல் மிஞ்சுகிறது. தாப்பா சாலையில் ஆர்க்கிட் புதிதாக வந்து குடியேறியது. கொடைக்கானல் சாலையில் பல இடங்களில் அது வீடு போனபின் திண்ணையில் ஒண்டியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சாலையோரத்தில் பூத்த ஆர்க்கிட்தான். நமக்கு வேண்டிய தெளிவு, இந்த இரண்டையும் பிரித்தறிவதில் இருக்கிறது. முதலாவதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவதற்கு, காய் வெடித்து விதை பறக்கும்வரை ஓரப்புல்லை வெட்டாமலிருப்பது உடனடி உதவி. சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பது நெடுங்கால வேலை.

இனி, குடியேறும் குணம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பது. ஹவாய்த் தீவுகளுக்குச் சொந்தமான ஆர்க்கிட் மூன்றே இனங்கள். மூன்றும் எளிதில் கண்ணில் படாதவை, ஒன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அங்கே போகிற பயணி எரிமலைக் குழம்பு ஆறிய கரும்பாறையில் கண்டு வியந்து படமெடுப்பது, ஆசியாவிலிருந்து போன மூங்கில் ஆர்க்கிட்டையும் ஸ்பாத்தோகுளோட்டிஸையும்தான். போர்ட்டோ ரிக்கோவில் கதை இன்னும் சிக்கல். தோட்டத்துக்கென்று வந்த ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டா மலைச்சாலைகளிலும் சரிவுகளிலும் பரவியது. அங்கே அது தன் பூவிலேயே தன்மகரந்தத்தால் காய்த்துவிடும், பூச்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே இடங்களில் பிளேட்டியா பட்டுலா என்ற நாட்டு ஆர்க்கிட்டும் வளர்கிறது. இரண்டும் இடத்துக்காக முட்டிக்கொள்ளும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். 2013இல் வந்த ஆய்வு காட்டியது வேறு. ஆர்க்கிட் பூவைத் தின்னும் ஒரு கூன்வண்டு அந்தத் தீவில் முன்பே உண்டு. வந்தேறி ஆர்க்கிட் ஏராளமாகப் பூப்பதால் வண்டுக்கு உணவு குறையாமல் கிடைத்தது. பெருகிய வண்டுகள் பக்கத்திலிருந்த நாட்டு ஆர்க்கிட்டின் பூவையும் காயையும் கூடுதலாகத் தின்றன. செடி செடியை நேராகத் தொடாமலே கெடுத்துவிட்டது.

இந்த ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிளிகேட்டா தமிழ்நாட்டு நர்சரிகளில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்ற பெயரில் தொட்டியில் விற்கும் அதே செடி. சென்னையில் மாடித்தோட்டத்தில் வைப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ வால்பாறையிலோ வீட்டைச் சுற்றி வைக்க விரும்புகிறவர், பூ வாடியதும் கதிரைக் காம்போடு நறுக்கிவிடலாம். காய் முற்ற விட்டால், ஒவ்வொரு காயும் பல்லாயிரம் விதைகளை மலைக்காற்றில் விடும். சாலைக்காக வெட்டிய புது மண் அங்கே எப்போதும் எங்கோ பக்கத்தில் இருக்கிறது.